இரவு ரிஜிஸ்தர்

காட்பாடியில், ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம்,
முப்பத்தொரு கட்டில் போட்ட முதியோர் இல்லத்தில்
நான் இரவு ஆயா.
எட்டுக்கு வருவேன். ஆறுக்குக் கிளம்புவேன்,
லத்தேரி பஸ் நின்றால்.

நான் வருவதற்குள் அங்கே ராத்திரி ஆகியிருக்கும்.
ஐந்தே முக்காலுக்கே சாப்பாடு முடிந்துவிடும்,
சமையல் தயாளனுக்குப் பள்ளிகொண்டா பஸ் ஆறரைக்கு.
ஒரு பஸ் டைமுக்கு முப்பத்தொரு பேருக்குப் பசித்தாக வேண்டும்.
"பழகிட்டாங்க" என்போம் வருகிறவர்களிடம்.

குளியல் விடியற்காலை ஐந்துக்கு.
அது சித்திரையில் போட்ட சட்டம்.
வேலூர் வெயிலில் மாடித் தொட்டி
ராத்திரி பத்து வரைக்கும் கொதிக்கும்,
விடியக்காலம்தான் மேலில் ஊற்ற முடியும்.
நல்ல எண்ணம்தான்.
மார்கழி வந்தது, யாரும் சட்டத்தை மாற்றவில்லை.
"யாருக்கும்மா அவசரம், எனக்கா, துண்டுக்கா?"
பல் தந்தியடிக்கக் கேட்டார் ஜைத்தூன் பீ.
சிரித்துக்கொண்டே அடுத்த சொம்பை ஊற்றினேன்.

சொல்ல வந்தது பன்னிரண்டாம் கட்டில் வஜ்ஜிரவேலுவைப் பற்றி.
ரிஜிஸ்தரில், என் கையெழுத்தில்,
நாற்பத்தாறு ராத்திரிக்கு ஒரே வரி:
தூங்கவில்லை. நடமாட்டம். தொந்தரவு.
டாக்டரம்மா அதைப் படித்து அரை மாத்திரை எழுதினார்.
நான் மறுபடி அதையே எழுத, ஒன்றாயிற்று.
ஆள் படுத்தார்.
பகலிலும் படுத்தார்.
கஞ்சி வாயோரம் வழிந்தது.
பாத்ரூம் வாசலில் விழுந்து நெற்றியில் நாலு தையல்.
அந்த வாரம் முழுக்க 'தூங்கினார்' என்று எழுதியிருக்கிறேன்.
"இப்ப பரவாயில்லையே" என்று டிரஸ்டி சார்
பக்கத்தைத் திருப்பினார்.

மாத்திரை வாங்க மறந்துபோன ஒரு ராத்திரி.
இரண்டு பத்து இருக்கும்.
கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கால் தரையில்.
வெளியே ஒரு வண்டி போயிற்று, வெகு நேரம்.
"ஐம்பத்தெட்டு. காலி" என்றார்.
என்ன சார்?
"காலி வேகன் கலகலன்னு பேசும்.
லோடு ஏத்தினது முனகும்."
ஜோலார்பேட்டையில் கூட்ஸ் கார்டாம்.
முப்பத்து நாலு வருஷம்.
"ராத்திரி கண்ணசந்தா சஸ்பென்ஷன், தெரியுமா?"

காலையில் அவருடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
சர்க்கரை, பிரஷர், மலச்சிக்கல்,
பணம் கட்டுவது யார், கடைசியில் யாருக்குச் சொல்வது,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.
என்ன வேலை பார்த்தார் என்று கேட்க
ஒரு அங்குலம் இடம் விடவில்லை.

சமையலறைச் சாவி கேட்டேன்.
மேனேஜர் எபனேசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
"ராத்திரி எழுந்து விழுந்தா யார் பதில் சொல்றது?"
மாத்திரை போட்டப்பதானே சார் விழுந்தார் என்றேன்.
சொன்ன பிறகுதான் கை நடுங்கிற்று.
வேலை போயிருந்தால் பையனின் ஹாஸ்டல் ஃபீஸும் போயிருக்கும்.

டாக்டரம்மா கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார்.
பின் வராந்தாவில் இப்போது ஒரு பல்பு,
பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரோரம் இரும்புக் குழாய்,
கை வைத்த நாற்காலி இரண்டு.
இரண்டாவது, தஹஜ்ஜுத் தொழ எழும் ஜைத்தூன் பீக்கு.
அவர் பெயரிலும் 'தொந்தரவு' நிறைய எழுதியவள் நான்தான்.
மூன்று பேருக்கும் டீ. சர்க்கரை ஒருவருக்கு மட்டும்.
வண்டி வந்தால் அவர் எண்ணுவார்,
பீ எண்ணிக்கை தப்பு என்பார்,
சண்டை அடுத்த வண்டி வரைக்கும் ஓடும்.

தயாளன் ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போக,
நான் ஒரு மணி நேரம் முன்னால் வந்து
ஏழரைக்குப் பரிமாறுகிறேன்.
அந்த ஒரு மணிக்குச் சம்பளம் இன்னும் பேசவில்லை.
குளியல் இன்னும் ஐந்துக்குத்தான்.
அதற்கொரு சண்டை பாக்கி இருக்கிறது.

நேற்று 'தூக்கம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன்.
பகல் ஆயா படிக்கட்டும் என்று பெரிதாகவே எழுதினேன்:

வஜ்ஜிரவேலு, டூட்டியில் இருந்தார்.
நாலே முக்காலுக்கு முடிந்து படுத்தார்.
ஒன்பது வரைக்கும் எழுப்ப வேண்டாம்,
குளிக்கவும்.